கழற்றும் பேட்டரியா, ஒட்டிய பேட்டரியா?

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



பேரவை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதிலிருந்து, எதை எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். செயற்கைக்கோள், ரோபோ என்று பெரிய தலைப்புகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான் மனதில் நின்றது. அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அப்படிப்பட்ட எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி பிறந்த கதை

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதை வருடத்தில் சில நாள்தான் பார்க்கலாம். மானாவாரி நிலம். மழை இல்லாத காலத்தில் அப்பா கரிமூட்டத்துக்குப் போவார். சீமைக்கருவேல் மரத்தை வெட்டி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகைய விட்டுக் கரி எடுக்கிற வேலை அது.

வீட்டில் இரண்டு செல்போன். ஒன்று அப்பாவுடைய பொத்தான் போன். மற்றொன்று 2023ல் நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது, இரண்டு வெள்ளாட்டை விற்று வாங்கிக் கொடுத்த டச் போன். வகுப்புக் குறிப்பு, லேப் ரெக்கார்டு படங்கள், புதுமைப்பெண் திட்டத்துப் பணம் வங்கியில் ஏறிய செய்தி எல்லாம் அதில்தான்.

2025 சித்திரையில், நான்காம் பருவத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, என் போனின் பின்பக்கம் உப்பிவிட்டது. மேஜையில் வைத்தால் பம்பரம் மாதிரி சுற்றியது. அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடை அண்ணன் பார்த்துவிட்டு, "பேட்டரி உப்பிருச்சு தங்கச்சி. சூடு காட்டித்தான் பிரிக்கணும். பிரிக்கும்போது டிஸ்பிளே போனா நான் பொறுப்பில்ல" என்றார். பேட்டரி 950 ரூபாய், கூலி 400 ரூபாய், ஆக 1,350 ரூபாய். அப்பாவுக்கு அது மூன்று நாள் கூலிக்கும் மேலே. பணத்தைப் புரட்டி மறுபடி போவதற்கு ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் தோழியின் நோட்டை வாங்கிக் கையால் எழுதித்தான் படித்தேன்.

அதே மாதத்தில் அப்பாவின் போன் பேட்டரியும் போனது. திருச்சுழியில் ஒரு கடையில் 150 ரூபாய் கொடுத்து வேறொன்று வாங்கி, பின் மூடியை நகத்தால் நெம்பி, அவரே மாட்டிக்கொண்டார். இரண்டு நிமிட வேலை. அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்:

"ஏந் தாயி, ஆயிரத்துச் சொச்ச ரூபா போனுல நானே பேட்டரிய மாத்திப்புட்டேன். ஒம் போனு பத்தாயிரம். அதுல ஏன் முடியல? நீ கரண்டுப் படிப்புத்தான படிக்கிற, சொல்லு."

"கம்பெனிக்காரன் அப்படித்தாம்ப்பா செய்றான்" என்றேன்.

"அது பதிலில்லையே" என்றார்.

உண்மைதான். அது பதில் இல்லை.

பேட்டரி ஏன் சாகிறது?

முதலில் பேட்டரியைப் பற்றிச் சிறிது பார்ப்போம். இன்றைய செல்போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே இரண்டு மின்முனைகள், நடுவில் இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் தடுக்கும் மெல்லிய பிரிப்பான், எல்லாம் ஊறிக் கிடக்கும் மின்பகு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகின்றன. நாம் பேசும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் பக்கவினைகளில் மாட்டிக்கொண்டு வீணாகிறது. ஆகவே பேட்டரி தேய்கிற பொருள். சைக்கிள் டயர் மாதிரி. ஏறக்குறைய 500 முழுச் சுற்றில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது பல போன்களுக்குச் சொல்லப்படும் பொதுக்கணக்கு. வருடத்துக்கு 300 சுற்று என்று வைத்தால், இரண்டு வருடத்துக்குள் 4,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 3,200 ஆகிவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. பேட்டரியின் உள்மின்தடை கூடுகிறது. நாம் படித்த ஓம் விதியையே போட்டுப் பார்க்கலாம். புதிய பேட்டரியின் உள்மின்தடை 0.1 ஓம் என்க. போன் 2 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.2 வோல்ட், 3.7 வோல்ட்டில் 3.5 மிஞ்சும். பழசாகி 0.3 ஓம் ஆனால் இழப்பு 0.6 வோல்ட், மிஞ்சுவது 3.1 வோல்ட். அது போதாமல் போன் அணைந்துவிடும். "இருபது சதவீதம் காட்டும்போதே ஆஃப் ஆயிருச்சு" என்று நாம் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

உப்புவதற்குக் காரணம் வாயு. சூடும் வயதும் சேரும்போது மின்பகு திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. நம் பக்கம் சித்திரையில் 38, 40 டிகிரி என்பது சாதாரணம். பல நிறுவனங்கள் 35 டிகிரிக்குள் போனைப் பயன்படுத்தச் சொல்கின்றன. நானோ தகரக் கொட்டகையின் கீழ், ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுத் தலையணைப் பக்கத்தில் வைத்தவள். பாதித் தவறு என்னுடையது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு பேட்டரிக்கும் என்ன வித்தியாசம்?

அப்பாவின் போனில் இருப்பது பி.எல்.5சி வகை பேட்டரி. நோக்கியா தன் போன்களுக்காகக் கொண்டுவந்த அளவு இது. பிறகு பல நிறுவனங்களின் பொத்தான் போன், சின்ன ரேடியோ, ஸ்பீக்கர் என்று எல்லாவற்றிலும் பரவி, ஏறக்குறைய ஒரு பொது அளவாகவே ஆகிவிட்டது. வெளியே கெட்டியான அலுமினியக் கூடு. முனையில் மூன்று தொடுபுள்ளிகள். இரண்டு நேர், எதிர் முனைகள். மூன்றாவது, எந்த வகை பேட்டரி என்று போனுக்கு அடையாளம் காட்டுவதற்கு. உள்ளே ஒரு சின்னப் பாதுகாப்புச் சுற்று இருக்கும். சார்ஜ் மிஞ்சினாலும், குறுக்குச்சுற்று ஆனாலும் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை.

என் போனில் இருந்தது பை வடிவ பேட்டரி. அலுமினியத் தாளால் ஆன மெல்லிய உறை மட்டும்தான். கெட்டிக் கூடு கிடையாது. கூடு இல்லாததால் மெல்லிசாகச் செய்யலாம், இருக்கிற இடத்தில் கூடுதல் கொள்ளளவும் அடைக்கலாம். ஆனால் கையில் எடுத்து மடக்கினாலோ குத்தினாலோ ஆபத்து. ஆகவே அதைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டி, மேலே முதுகையும் ஒட்டிவிடுகிறார்கள்.

அப்பா கேட்டதற்கு முதல் பதில் இதுதான்: விலை கூடிய போனில் மாற்ற முடியாமல் போனது தற்செயல் இல்லை. மெல்லிசு வேண்டும் என்று முடிவு செய்தபோதே, கழற்றுவது வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டார்கள்.

2007ம் 2016ம்

இந்த முடிவின் பலாபலனைக் காட்ட இரண்டு சம்பவங்கள் உண்டு.

நோக்கியா 1100 என்ற போன் 2003ல் வந்தது. முன்னால் டார்ச், தூசி புகாத பொத்தான் விரிப்பு, வழுக்காத பக்கங்கள். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 2006ல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடும்வரை, என்னைப் போன்ற குடும்பங்களின் எத்தனையோ பிள்ளைகளுக்கு அது சோறு போட்டது.

நான் பிறந்த 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை விட்டது. மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்த பி.எல்.5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகம் சூடாகலாம் என்பதே அது. எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். உலகம் முழுக்க சுமார் நூறு சம்பவங்கள் பதிவாகியிருந்தன. மக்கள் என்ன செய்தார்கள்? மூடியைத் திறந்தார்கள், பேட்டரியை எடுத்தார்கள், முதுகில் அச்சிட்ட 26 எழுத்து எண்ணைச் சரிபார்த்தார்கள். அந்தத் தொகுதி என்றால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போன் தப்பியது.

2016ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 வந்தது. ஒட்டிய பேட்டரி. சில போன்கள் தீப்பிடித்தன. செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். பேட்டரியை மட்டும் கொடுக்க வழி இல்லை. போனையே கொடுக்க வேண்டியிருந்தது. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். நோட் 7க்கு மாற்றாகக் கொடுத்த போன்களில் வேறொரு நிறுவனத்து பேட்டரி இருந்தது, அதுவும் தீப்பிடித்தது. ஆகவே கழற்றும் வசதி இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கழற்ற முடிந்தால் ஒரு பேட்டரியின் கோளாறு முழுப் போனையும் குப்பையாக்காது என்பது மட்டும் தெளிவு.

ஒட்டுகிறவர்கள் தரப்பு

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது கட்டுரை ஆகாது. ஒட்டி மூடுவதிலும் நன்மை உண்டு. அதற்கு எங்கள் அப்பாவின் போனே சாட்சி.

கரித்தூள் மாவைவிட நைஸ். அது பின் மூடி வழியாக உள்ளே போய்த் தொடுபுள்ளிகளில் படியும். போன் கொஞ்சம் அதிர்ந்தால் அணைந்துவிடும். பீடிக்கட்டுத் தாளை மடித்து பேட்டரிக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தார். வியர்வை பட்டுத் தொடுபுள்ளி பச்சை பூத்தது. வருடத்துக்கு இரண்டு முறை ரப்பர் வைத்துத் தேய்த்துக் கொடுப்பது என் வேலை.

ஒட்டிய போனில் இந்தத் தொல்லை இல்லை. ஐ.பி.67 என்று பெட்டியில் போட்டிருந்தால், 6 என்பது தூசி அறவே புகாது என்பதைக் குறிக்கும். 7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கும். மேலும், கடையில் விற்கும் போலி பேட்டரிகளில் பாதுகாப்புச் சுற்றே இல்லாமல் இருக்கலாம். கழற்ற முடியாத போனில் கண்டதையும் மாட்ட முடியாது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள்.

ஆனால் "தண்ணீர் புகக்கூடாது என்றால் ஒட்டித்தான் ஆகவேண்டும்" என்ற வாதம் நிற்காது. 2014ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 போனில் முதுகைக் கழற்றலாம், பேட்டரியை மாற்றலாம். உள்ளே ரப்பர் விளிம்பு வைத்து ஐ.பி.67 தரமும் கொடுத்திருந்தார்கள். நம் வீட்டுக் குக்கரைப் பாருங்கள். தினமும் திறந்து மூடுகிறோம், கேஸ்கெட் நீராவியைப் பிடித்து வைக்கிறது.

இன்னும் நல்ல உதாரணம் நம் ஊர் ஆழ்குழாய்க் கிணறுதான். சப்மெர்சிபிள் மோட்டார் வருடக்கணக்காக நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் தண்ணீருக்குள் கிடக்கிறது. காயில் எரிந்தால் மேலே தூக்கி, போல்ட்டைக் கழற்றி, வைண்டிங் கடையில் புதிதாகக் கட்டி, சீல் மாற்றி, மறுபடி இறக்குகிறோம். "இது தண்ணீருக்குள் இருக்கிற மோட்டார், திறக்க முடியாது, புதுசு வாங்கு" என்று எவனாவது சொன்னால் சம்சாரி விடுவானா? மூடியிருப்பது வேறு, திறக்கவே முடியாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நமக்கு விற்கிறார்கள்.

கையோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அதே கடை அண்ணனிடமே போனேன். தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது. பாலிடெக்னிக் படிக்கிறேன் என்றதும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். சூடு காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகடு விட்டு, முதுகைப் பிரித்து, பேட்டரியைத் துளித்துளியாகப் பெயர்த்தார். டிஸ்பிளே தப்பியது. திரும்ப ஒட்டிக் கொடுத்தபோது, "இனிமே தண்ணி படாம பாத்துக்க, கம்பெனி பசை மாதிரி இது நிக்காது" என்றார். ஆக, எந்தப் பாதுகாப்புக்காக ஒட்டினார்களோ அந்தப் பாதுகாப்பு, முதல் தடவை பேட்டரி மாற்றியதோடு போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் ஒரு பேட்டரிச் சட்டம் கொண்டுவந்தது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, பொதுவாகக் கடையில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு, சூடு காட்டாமல், கரைப்பான் ஊற்றாமல், உபயோகிப்பவரே கழற்ற முடிய வேண்டும் என்பது அதன் விதி. அமலுக்கு வருவதற்குக் குறித்த நாள் 2027 பிப்ரவரி 18.

செல்போனுக்கென்று அங்கே தனி விதியும் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, உபயோகிப்பவரே மாற்றும்படி செய்வது. மற்றொன்று, பேட்டரி 500 சுற்றுக்குப் பின் 83 சதவீதமும் 1,000 சுற்றுக்குப் பின் 80 சதவீதமும் தாங்க வேண்டும். போனுக்குள் தூசி புகக்கூடாது, 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். அப்படி இருந்தால் பேட்டரி மாற்றுவதைப் பழுது பார்க்கிறவரிடம் விடலாம். "ஒட்டுவதாக இருந்தால் உண்மையிலேயே நீடித்து உழைக்கிற மாதிரி ஒட்டு" என்பதுதான் இதன் பொருள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அதில் அடக்கம். அந்த வருட டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் முறை பிரான்சில் 2021லேயே வந்துவிட்டது.

கம்பெனிகளும் மெல்ல மாறுகின்றன. 2024ல் வந்த ஐபோன் 16ல் பேட்டரியை ஒட்டியிருக்கும் பசை, 9 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் தானாகவே பிடியை விட்டுவிடும். மின்னியல் மாணவர்களுக்கு இது இனிக்கிற செய்தி அல்லவா!

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், எந்த ஊரில் சர்வீஸ் என்றும் கேளுங்கள்.

2. தலையணைக்கு அடியிலும், வெயில் படும் ஜன்னலிலும், பைக் டேங்க் கவரிலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள். எப்போதும் 100 சதவீதம் ஏற்றத் தேவையில்லை. 20க்கும் 80க்கும் நடுவில் வைத்திருந்தால் ஆயுள் கூடும்.

3. முதுகு உப்பினால், திரை தூக்கினால் அந்த நொடியே சார்ஜை நிறுத்தி, போனை அணையுங்கள். அமுக்கிச் சமப்படுத்தாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுங்கள். இந்த வகை பேட்டரி தீப்பிடித்தால் உள்ளிருந்தே ஆக்சிஜனும் வெளிப்படுவதால், மூடி மட்டும் அணைப்பது கடினம்.

4. கழற்றும் பேட்டரி வாங்கினால் மிகக் குறைந்த விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாவிக்கொத்தோடு பையில் தனி பேட்டரியைப் போடாதீர்கள், குறுக்குச்சுற்று ஆகிவிடும்.

5. பழைய பேட்டரியைக் குப்பையில் எறியாதீர்கள். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு.

6. முக்கியமான குறிப்பு, சான்றிதழ், ஹால் டிக்கெட் எதையும் ஒரே போனில் மட்டும் வைக்காதீர்கள். இது நான் ஐந்து நாள் கையெழுத்தில் கற்றுக்கொண்ட பாடம்.

முடிவுரை

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். மெல்லிசு, தூசி, தண்ணீர், பசை, சட்டம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மூட்டத்துலயும் காத்துப் போகாமத்தான தாயி மூடுறோம். ஒரு வெடிப்பு விட்டாக்கூட அம்புட்டும் சாம்பலாப் போயிரும். ஆனா பிரிக்கணும்னு தெரிஞ்சுதான மூடுறோம். பிரிக்க வழியில்லாம மூடுனா அதுக்குப் பேரு மூட்டமா?"

நான் பல நாள் தேடிப் படித்ததை அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நல்ல வடிவமைப்பு என்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். கெட்டியாக மூடு, ஆனால் என்றைக்காவது ஒருவன் திறக்க வேண்டிவரும் என்பதை நினைத்து மூடு.

நண்பர்களே, படிப்பு முடிந்ததும் நம்மில் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று தொழிற்சாலைகளுக்குப் போவோம். முதலில் நம் கையில் திருப்புளியைத்தான் கொடுப்பார்கள். ஆனால் வருடம் போகப் போக, பசையா திருகாணியா என்று முடிவு செய்கிற மேஜை வரைக்கும் நம்மில் யாராவது ஒருவர் போய்ச் சேராமலா இருப்போம்? அப்படிப் போகிறவர், இரண்டு ஆட்டை விற்று போன் வாங்கிக் கொடுக்கிற ஒரு வீடு எங்கேயோ இருக்கிறது என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.